எம்.டி.எஃப்., பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு: எதை எங்கே போடுவது?

எம்.டி.எஃப். என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் பலகை. அதன் முகத்தை நம்பலாம், விளிம்பை நம்பக்கூடாது. முகத்தில் மரநார் இறுகிக் கிடக்கும். நடுவில் அடர்த்தி குறைவு. இதன் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

பெயின்ட் அடிக்கும் கேபினட் கதவா? யோசிக்காமல் எம்.டி.எஃப். எடுக்கலாம். மரவரி இல்லாததால், டிசைன் கடையும் ராவுட்டர் மெஷினை ஓட்டினாலும் சில்லு பெயராது. பிளைவுட்டில் அதே டிசைனைக் கடைந்தால் அடுக்குகள் பல்லிளிக்கும். ஆனால் கடைந்த இடமும் விளிம்பும் பெயின்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். முதலில் அங்கே உறிஞ்சலை அடைக்கும் சீலர் பூசி, காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, அதன்பின் பிரைமர் அடிக்க வேண்டும். தண்ணீர் கலந்த பிரைமர் நாரை எழுப்பிவிடும், மறுபடி தேய்க்க நேரும்.

கதவு மாட்டும் பெட்டிக்கூடு கட்டும்போது கதை மாறுகிறது. 18 மி.மீ. எம்.டி.எஃப். விளிம்பில் 4 மி.மீ. ஸ்க்ரூவை நேரடியாக இறக்கினால் பலகை பிளக்கும். 3 மி.மீ. துளையை ஸ்க்ரூ போகும் ஆழத்தைவிடச் சற்றுக் கூடுதலாகப் போடுங்கள். மூலையிலிருந்து 50 மி.மீ.யாவது தள்ளியிருக்கட்டும். கூம்பிய ஸ்க்ரூ ஆப்பு மாதிரி நெம்பும், தண்டு சீரானதே சரி. பிளைவுட் இவ்வளவு கெஞ்சவிடாது. மரத்துகளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் ஸ்க்ரூவை ஒருமுறை கழற்றி மாட்டினாலே பிடிமானம் தளர ஆரம்பிக்கும். இடம்மாற்றாத, ஈரம் படாத அலமாரிக்கு மட்டும் அது போதும்.

புத்தகத் தட்டில் எம்.டி.எஃப். ஏமாற்றும். முதல் நாள் நேராக நிற்கும், மாதங்கள் போனால் தொய்யும். பாரத்தை எடுத்தாலும் முழுசாக நிமிராது. 18 மி.மீ. தட்டை 600 மி.மீ. நீளத்துக்குமேல் தாங்கலின்றி விடாதீர்கள். முன்விளிம்பில் 40 மி.மீ. உயர மரச்சட்டம் ஒட்டினால் நன்றாகவே விறைக்கும். அதே அளவு தட்டு பிளைவுட்டில் குறைவாகத்தான் வளையும், எடையும் குறைவு: 2440×1220×18 மி.மீ. எம்.டி.எஃப். பலகை ஒன்று சுமார் 40 கிலோ, தூக்க இரண்டு ஆள் வேண்டும்.

சிங்க் அடியில், தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய மரைன் பிளைவுட்தான். பச்சைச் சாயமிட்ட ஈரம் தாங்கும் எம்.டி.எஃப். காற்றீரத்தைச் சமாளிக்கும், தேங்கும் தண்ணீரை அல்ல. ஊதிய விளிம்பு காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது.

எந்தப் பலகையானாலும் ஒரு பக்கம் மட்டும் லேமினேட் ஒட்டினால் வளையும், பின்பக்கமும் ஒட்டுங்கள். எம்.டி.எஃப். அறுக்கும்போது எழும் தூசி மாவைவிட நைசு. துணி கட்டிக்கொள்வது போதாது, நுண்தூசியை வடிகட்டும், குறைந்தது எஃப்.எஃப்.பி.2 தர முகக்கவசம் வேண்டும். பசையில் ஃபார்மால்டிஹைட் என்ற கெடுதலான வாயு இருப்பதால், அது குறைவாக வெளிவரும் ஈ1 தரமா என்று வாங்கும்போதே கேளுங்கள். வெட்டிய விளிம்புகளை மறைவில் இருந்தாலும் எட்ஜ் பேண்ட் எனும் விளிம்புப் பட்டை ஒட்டி மூடிவிடுங்கள்.