சில வாரங்களுக்கு மட்டும் திறக்க ஒரு வழி: எங்கள் சிறு அலுவலகத்தில் டெயில்ஸ்கேல்

வீட்டிலிருந்து அலுவலகக் கணினியைத் தொடுவதற்கு வழி தேடுபவர்கள் பெரும்பாலும் முதலில் வேகத்தைக் கேட்கிறார்கள், அடுத்து விலையைக் கேட்கிறார்கள். என்னிடம் மென்பொருள் விற்க வந்தவர்களிடம் நான் முதலில் கேட்டது வேறு. எல்லாரும் அலுவலகம் திரும்பியதும் இதை எப்படி மூடுவது? அந்தக் கேள்விக்கு நேரான பதில் தந்தது டெயில்ஸ்கேல் ஒன்றுதான். வெவ்வேறு இடங்களில் இருக்கும் கணினிகளை ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் மென்பொருள் அது. அதைப் பற்றியே இந்த மதிப்பீடு.

எங்களுடையது சிங்கப்பூரின் உபி தொழிற்பேட்டையில் உள்ள சரக்கு அனுப்பும் நிறுவனம். மொத்தம் ஒன்பது பேர். நிர்வாகம், சம்பளம், கணினி மூன்றும் என் பொறுப்பு. குளிர்சாதனக் குழாய்களை மாற்றுவதற்காக எங்கள் தளத்தின் கூரைப் பலகைகளைக் கழற்றப் போவதாகக் கட்டட நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. அந்த வேலை முடியும்வரை வீட்டிலிருந்தே எல்லாரும் பணிபுரியலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். கணினிகளைத் தூசி படாத ஆவண அறைக்குள் நகர்த்தினோம். அவை அங்கே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நாங்கள் அவரவர் வீட்டிலிருந்து அவற்றில் வேலை செய்ய வேண்டும்.

எல்லாம் மேகக்கணிமையில் இருந்தால் இந்தத் தேவையே எழாது. எங்களிடம் சுங்க அனுமதி விண்ணப்பிக்கும் மென்பொருள் குறிப்பிட்ட இரண்டு கணினிகளில் இருக்கிறது. கணக்குக் கோப்பு இன்னொரு கணினியில் இருக்கிறது. சரக்குச் சீட்டுகளின் பிரதிகளும் ஊழியர்களின் கடப்பிதழ், வேலை அனுமதி அட்டைப் பிரதிகளும் ஒரு சேமிப்புப் பெட்டியில் இருக்கின்றன. கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பெரிய கவலை. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2021 பிப்ரவரி 1 முதல், 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தாலோ, பாதிக்கப்பட்டவருக்குக் கணிசமான தீங்கு நேரக்கூடியதாக இருந்தாலோ தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்க வேண்டிய கசிவுதான் என்று முடிவு செய்த பிறகு அதற்கு மூன்று நாள்தான் அவகாசம். ஒன்பது பேர் கொண்ட நிறுவனத்துக்கும் இதே சட்டம்தான்.

முதலில் வந்த ஆலோசனை எங்கள் கணினிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரருடையது. அவர் பெயர் இங்கே வேண்டாம். “ரௌட்டரில் 3389 எண் வாசலைத் திறந்து விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு அனுப்பிவிடலாம், அரை மணி நேர வேலை” என்றார். ரிமோட் டெஸ்க்டாப் என்பது தொலைவிலிருந்து ஒரு கணினியின் திரையைத் திறந்து இயக்கும் வசதி. வாசல் (port) என்பது வெளியிலிருந்து இணைப்பு உள்ளே வரும் எண்ணிட்ட வழி. நான் மறுத்துவிட்டேன். 3389 என்பது ரிமோட் டெஸ்க்டாப்பின் வழக்கமான எண் என்பது உலகத்துக்கே தெரியும். இணையம் முழுவதையும் தானியங்கி நிரல்கள் இரவு பகலாகத் துழாவிக்கொண்டிருக்கின்றன. திறந்த வாசல் கண்ணில் பட்டதும் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும். 2019 மே மாதத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளிப்பட்ட ‘புளூகீப்’ என்ற பிழையின் வழியாக நுழையக் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. ஆதரவை எப்போதோ நிறுத்தியிருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் வெளியிட்டது என்றால் ஆபத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். வேறு எண்ணுக்கு மாற்றிவிடலாம் என்றும் அவர் சொன்னார். துழாவும் நிரல்களுக்கு எண் ஒரு பொருட்டே இல்லை.

இரண்டாவது யோசனை எங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து வந்தது. ஒன்பது இலக்க எண்ணைச் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் நம் திரையைப் பிடித்துக்கொள்ளும் வகை மென்பொருள் அது. நிறுவுவது எளிது. ஆனால் இலவச உரிமம் பொதுவாகத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே, நிறுவனம் கட்டணம் செலுத்தித்தான் ஆக வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று எனக்கு இருந்தது. வங்கியிலிருந்தோ தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்தோ அழைப்பதாகச் சொல்லி, இதே வகை மென்பொருளை நிறுவச் செய்து பணத்தைச் சுருட்டும் மோசடி பற்றிச் சிங்கப்பூர்க் காவல்துறை பலமுறை எச்சரித்திருக்கிறது. எண்ணைத் தொலைபேசியில் படித்துச் சொல்லும் பழக்கத்தை அலுவலகமே ஊழியருக்குக் கற்றுக்கொடுக்கக் கூடாது. கணக்குகளைப் பார்க்கும் எங்கள் அக்காவுக்கு ஓய்வுபெறும் வயது நெருங்குகிறது. அவர் கைத்தொலைபேசியில் அந்த மாதிரி எண்ணைக் கேட்டு யாராவது அழைத்தால் அவருக்குச் சந்தேகம் வர வேண்டும். வேலை விஷயமாக இருக்கும் என்று தோன்றவே கூடாது.

மூன்றாவது, ரௌட்டரிலோ தீச்சுவர்ப் பெட்டியிலோ (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் கருவி) உள்ள விபிஎன், அதாவது இணையத்தின் வழியே அலுவலக வலையமைப்புக்குள் நுழையும் குறியாக்கப்பட்ட தனிப்பாதை. இது மதிக்கத்தக்க வழி. பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக இதைத்தான் பயன்படுத்துகின்றன. இதன் குறை, பெட்டியை யாராவது தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது. 2019இல் பல்ஸ் செக்யூர், ஃபோர்ட்டிநெட் ஆகிய நிறுவனங்களின் விபிஎன்களில் இருந்த பிழைகளுக்குத் திருத்தங்கள் வெளியான பிறகும், அவற்றை நிறுவாத பெட்டிகள் வழியாகத் தாக்குபவர்கள் உள்ளே நுழைந்தார்கள். 2021 செப்டம்பரில் சுமார் 87,000 ஃபோர்ட்டிநெட் கருவிகளின் நுழைவு விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. அப்போது அந்த நிறுவனம் சொன்னதை நான் குறித்துவைத்திருக்கிறேன்: திருத்தம் போட்டிருந்தாலும் கடவுச்சொற்களை மாற்றவில்லை என்றால் ஆபத்து நீடிக்கும். எங்கள் அலுவலகத்தில் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிப்பதற்கென்று தனியாக ஆள் இல்லை. இல்லாத ஆளை நம்பி ஒன்றை வாங்குவது சரியல்ல.

இன்னொன்றும் மனத்தில் இருந்தது. 2021 மே மாதத்தில் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் நின்றுபோனதே, அங்கே தாக்குபவர்கள் நுழைந்தது பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கின் வழியாக. அதற்குக் கடவுச்சொல் மட்டுமே இருந்தது, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. நிறுவனம் 44 லட்சம் அமெரிக்க டாலர் பிணைத்தொகை கொடுத்தது. இங்கேயும் 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நீடித்த கிருமித்தொற்று முறியடிப்புக் காலத்தில் நிறுவனங்கள் அவசர அவசரமாக வழிகளைத் திறந்தன. நான் முன்பு வேலை செய்த இடத்தில், ராஜினாமா செய்து வெகுகாலமான ஒருவரின் கணக்கு அதன் பிறகும் உயிரோடு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டபோது, யாருக்கு எந்தக் கணக்கு கொடுத்தோம் என்ற பட்டியலே இல்லை என்று தெரிந்தது. தற்காலிகமாகத் திறந்ததை மூடுவது யாருடைய வேலை என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இனி டெயில்ஸ்கேல். கனடாவின் டொரான்டோவில் 2019இல் தொடங்கிய நிறுவனம் இது. இதன் அடியில் ஓடுவது வயர்கார்ட். தரவைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அனுப்பும் குறியாக்க நெறிமுறை அது, நிரலை எவரும் பார்க்கக்கூடிய திறமூல வகை. அதை உருவாக்கியவர் ஜேசன் டோனன்ஃபெல்ட். 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் இயங்குதளத்தின் 5.6 கருநிரலிலேயே (kernel) வயர்கார்ட் இடம்பெற்றது. அதன் நிரல் சுமார் 4,000 வரிகள்தான் என்பதால் ஆய்வாளர்கள் முழுவதையும் படித்துப் பார்க்க முடிகிறது. எனக்கு அது பெரிய நம்பிக்கை.

ஒவ்வொரு கணினியிலும் ஒரு சிறு செயலியை நிறுவி உள்நுழைந்தால், 100 என்று தொடங்கும் தனி முகவரி ஒன்று அதற்குக் கிடைக்கும். அந்த முகவரிகளுக்குள் மட்டுமே கணினிகள் பேசிக்கொள்ளும். ரௌட்டரில் எந்த வாசலையும் திறக்க வேண்டியதில்லை. இரு முனைகளும் வெளிப்பக்கமாகத் தொடர்புகொண்டு நேர்வழியைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. நேர்வழி அமையாவிட்டால் டெயில்ஸ்கேலின் இடைநிலை வழங்கி (சர்வர்) வழியாகத் தரவு போகும். அப்போதும் குறியாக்கம் முனைக்கு முனைதான், நடுவில் இருக்கும் வழங்கியால் படிக்க முடியாது. சிங்கப்பூரிலும் அத்தகைய வழங்கி இருக்கிறது.

டெயில்ஸ்கேலுக்கென்று தனிக் கடவுச்சொல் கிடையாது. எங்களிடம் ஏற்கெனவே இருந்த மைக்ரோசாஃப்ட் அலுவலகக் கணக்கிலேயே நுழைந்தோம். அந்தக் கணக்குக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை முன்பே கட்டாயமாக்கியிருந்தேன். சிங்பாஸ் செயலியால் அரசாங்கச் சேவைகளுக்குள் நுழைந்து பழகியவர்களுக்குக் கைத்தொலைபேசியில் ஒப்புதல் தருவது புதிதாக இல்லை. மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து தினமும் கடற்பாலம் கடந்து வரும் தம்பி ஒருவர் எங்களிடம் இருக்கிறார். அன்று மாலை அழைத்து, “அக்கா, இவ்வளவுதானா? வேறு எந்த எண்ணும் குறித்துக்கொள்ள வேண்டாமா?” என்று கேட்டார். “வேண்டாம் தம்பி, யாராவது எண் கேட்டால் எனக்குச் சொல்லுங்கள்” என்றேன். அவர் வீட்டு இணைப்பிலிருந்து அனுமதி மென்பொருள் தடங்கலில்லாமல் ஓடியது.

நிறுவுவதோடு வேலை முடிந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. புதிதாகத் தொடங்கும் வலையமைப்பில் எல்லாக் கருவிகளும் எல்லாக் கருவிகளோடும் பேசலாம் என்றுதான் அணுகல் விதி இருக்கும். அதை உடனே மாற்ற வேண்டும். எங்கள் விதி மிகச் சுருக்கம்: ஒவ்வொருவரும் தம் அலுவலகக் கணினியின் ரிமோட் டெஸ்க்டாப்பை மட்டும் அடையலாம். சேமிப்புப் பெட்டியை வீட்டிலிருந்து யாரும் நேரடியாகத் தொட முடியாது, அலுவலகக் கணினிக்குள் நுழைந்த பிறகுதான் திறக்க முடியும். புதிய கருவி சேர்ந்தால் நிர்வாகி ஒப்புதல் தரும்வரை காத்திருக்கும் அமைப்பும் இருக்கிறது, அதையும் இயக்கிவைத்தேன்.

அதோடு விண்டோஸ் பக்கமும் கொஞ்சம் வேலை இருந்தது. ரிமோட் டெஸ்க்டாப்பில் வீட்டு மடிக்கணினியின் வட்டையும் நகலெடுப்புப் பலகையையும் (கிளிப்போர்டு) அலுவலகக் கணினியோடு இணைக்கும் வசதி உண்டு. இரண்டையும் நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் வீட்டுப் பாடம் செய்யும் மடிக்கணினியில் கடப்பிதழ்ப் பிரதி போய் உட்காரக் கூடாது. தொலைவிலிருந்து நுழைய வேண்டிய கணினியில் விண்டோஸ் ஹோம் பதிப்பு இருந்தால் இது நடக்காது, புரோ பதிப்பு வேண்டும். வீட்டு மடிக்கணினி ஹோம் பதிப்பாக இருக்கலாம். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத விண்டோஸ் 10 கணினிகளை நான் அனுமதிக்கவில்லை. அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு அலுவலகச் செலவில் மடிக்கணினி வாடகைக்கு எடுத்துக் கொடுத்தோம். முதலாளி தயங்கினார். கசிந்தால் ஆணையத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தை நினைவூட்டியதும் ஒப்புக்கொண்டார். மின்சாரம் போய் வந்தால் கணினி தானே இயங்கும்படி பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை அமைப்பு) அமைத்துவிடுங்கள், ஆளில்லாத அறையில் பொத்தானை அமுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்போது என் முதல் கேள்வி: எல்லாரும் திரும்பியதும் இதை எப்படி மூடுவது? நிர்வாகப் பக்கத்தில் எல்லாக் கருவிகளும் ஒரே பட்டியலாகத் தெரிகின்றன. எது யாருடையது, கடைசியாக எப்போது இணைந்தது என்பதும் அங்கேயே இருக்கிறது. ஒரு கருவியை நீக்கினால் அதன் வழி அத்தோடு அறுந்துவிடும். ஒருவரை முழுவதுமாக இடைநிறுத்தவும் முடியும். நான் மறந்தே போனாலும், ஒவ்வொரு கருவியும் வலையமைப்பில் சேரப் பயன்படும் சாவி (நுழைவு அனுமதி) இயல்பாக 180 நாளில் காலாவதியாகிவிடும், மறுபடி உள்நுழைய வேண்டும். அந்தக் காலத்தைக் குறைத்தும் வைக்கலாம், நான் குறைத்திருக்கிறேன். சில வாரத் தேவைக்கு அரையாண்டு ஆயுள் கொண்ட சாவி எதற்கு?

குறைகளையும் சொல்ல வேண்டும். எந்தக் கருவி எதோடு பேசலாம் என்று ஒருங்கிணைக்கும் வழங்கி டெயில்ஸ்கேலிடம்தான் இருக்கிறது. தரவை அவர்களால் படிக்க முடியாவிட்டாலும், அந்த ஒருங்கிணைப்பில் அவர்களை நம்பியே ஆக வேண்டும். அதை ஏற்க முடியாதவர்களுக்கு ஹெட்ஸ்கேல் என்ற திறமூல மாற்று உண்டு. அதைச் சொந்தமாக நடத்தத் தேர்ந்த ஆள் வேண்டும். அடுத்தது, நுழைவு முழுவதும் மைக்ரோசாஃப்ட், கூகல் போன்ற வெளிக் கணக்கைச் சார்ந்தது. அந்தக் கணக்கு பறிபோனால் இதுவும் பறிபோகும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லாத அலுவலகம் இதை நிறுவுவதற்கு முன் அந்த வேலையை முடிக்கட்டும். அணுகல் விதிகளை எழுதும் கோப்பு கணினி மொழியை ஒத்தது. பழக்கமில்லாதவர்கள் ஒரு நாள் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசத் திட்டம் இருக்கிறது. நிறுவனமென்றால் ஆள் கணக்கில் மாதக் கட்டணம் உண்டு. எங்களுக்கு மாதக் கட்டணமே வசதியாக இருந்தது, தேவை முடிந்ததும் ஆள் எண்ணிக்கையைக் குறைத்துவிடலாம்.

ஐம்பது பேருக்கு மேல் இருக்கும் இடத்துக்கு, அதிலும் சொந்தக் கணினிப் பிரிவு உள்ள இடத்துக்கு, என் அனுபவம் அப்படியே பொருந்தாது. அவர்களுக்கு முறையாகப் பராமரிக்கப்படும் தீச்சுவர் விபிஎன் போதுமானதாக இருக்கலாம். ஐந்து முதல் இருபது பேர்வரை உள்ள, கணினிப் பொறுப்பைக் கூடுதல் வேலையாகச் சுமக்கும் ஒருவர் இருக்கும் அலுவலகத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2022இல் அறிமுகப்படுத்திய ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ சான்றுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும் யார் எதை அணுகலாம் என்ற இந்தப் பட்டியல் கைகொடுக்கும்.

கூரை வேலை முடிந்து அனைவரும் அலுவலகம் திரும்பிய அன்றே வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக நீக்கினேன், வாடகை மடிக்கணினிகளில் இருந்த தரவை அழித்து அவற்றைத் திருப்பிக் கொடுத்தோம். இருவருடைய கருவிகளை மட்டும் விட்டுவைத்தேன். 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு வழிகாட்டிகளின்படி அவர்கள் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய எழுத்துப்பூர்வமாகக் கேட்டிருந்தார்கள், முதலாளியும் ஒப்புக்கொண்டிருந்தார். அவர்களின் பெயர், கருவி, மறுபரிசீலனைத் தேதி மூன்றும் சம்பளக் கோப்பிலேயே இருக்கின்றன. அந்தத் தேதியை என் நாட்காட்டியிலும் முதலாளியின் நாட்காட்டியிலும் குறித்துவைத்திருக்கிறோம்.