கன்சர்வேட்டரி கூரை: கண்ணாடியா, உள்பலகையா, ஓடா?

இங்கிலாந்தில் பல வீடுகளின் பின்புறம் இருக்கும் கன்சர்வேட்டரியில் (கண்ணாடிச் சுவர் அறையில்) குளிரும் வெக்கையும் முக்கியமாகக் கூரை வழியாகத்தான் வருகின்றன. பழைய 16 மி.மீ. பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) தகட்டின் யூ-மதிப்பு, அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியே வெளியேறும் வாட் வெப்பம், சுமார் 2.4. 14 சதுர மீட்டர் கூரை, வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால், ஏறத்தாழ 670 வாட் மேலே போய்விடும். 1.2 மதிப்புள்ள லோ-ஈ (வெப்பத்தை உள்ளே திருப்பும் பூச்சுள்ள) இரட்டைக் கண்ணாடியில் இது 335 வாட். வெப்பத் தடுப்பு வைத்த, 0.18 மதிப்புள்ள ஓட்டுக் கூரையில் வெறும் 50.

வாட் கணக்கில் ஓடு ஜெயித்துவிடுகிறது. ஆனால் எடையையும் ஈரத்தையும் பார்க்காமல் முடிவெடுத்தால் பணம் வீண்.

மூன்றில் மலிவானது, இருக்கும் தகட்டை அப்படியே விட்டு உள்பக்கம் பலகை அடிப்பது. அதிகம் கெட்டுப்போவதும் இதுதான். சமையல், குளியல், துணி உலர்த்தல் எல்லாவற்றின் நீராவியும் மேலே ஏறும். பலகையின் இடுக்கு வழியே நுழைந்து, குளிர்ந்த தகட்டின் அடியில் நீர்த்துளியாகிறது. முதல் குளிர்காலத்திலேயே பிளாஸ்டர்போர்டில் (ஜிப்சம் பலகையில்) திருகாணித் தலைகள் இருக்கும் இடமெல்லாம் வரிசையாகச் சாம்பல் புள்ளிகள் தெரியலாம். பிறகு பழுப்பு வளையம், பூஞ்சை.

சரியான அடுக்கு, மேலிருந்து கீழாக: தகடு, இறவாரத்திலும் முகட்டிலும் காற்று போய்வரத் திறப்புள்ள 50 மி.மீ. இடைவெளி, பிஐஆர் போர்டு (வெப்பம் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை), ஆவித்தடுப்புத் தாள், 12.5 மி.மீ. பிளாஸ்டர்போர்டு. தாள் கட்டாயம் அறைப் பக்கம்தான் வரவேண்டும். ஒவ்வொரு மூட்டும் ஃபாயில் டேப்பால் மூடப்படவேண்டும். 50 மி.மீ. பிஐஆர் போட்டால் யூ-மதிப்பு 0.4 பக்கம் வரும், 100 மி.மீ. என்றால் 0.2. பளபளக்கும் ஃபாயில் சுருளை மட்டும் அடித்துவிட்டுப் போகிறவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்கவே கூடாது.

பிளாஸ்டர்போர்டு மட்டுமே சதுர மீட்டருக்கு 8 முதல் 10 கிலோ. சட்டம், பூச்சு சேர்ந்தால் 14 சதுர மீட்டருக்கு 200 கிலோவைத் தொடும். இலேசான தகட்டுக்காகச் செய்த கூரைச் சட்டகம் இதைத் தாங்குமா என்று கணக்குப் போட்டே ஆகவேண்டும்.

கண்ணாடியிலும் எடைச் சிக்கல் உண்டு. 4 மி.மீ. தடிமனில் இரண்டு கண்ணாடி என்றாலே சதுர மீட்டருக்கு 20 கிலோ. பழைய சட்டகத்தில் அப்படியே மாட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் பின்னறைக்கு வெளிச்சம் இந்த வழியாகத்தான் வருகிறது என்றால் கண்ணாடியே சரி. வெயில் தடுப்புப் பூச்சுள்ளதாகக் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி ஜூலையில் உதவாது.

ஆண்டு முழுதும் உட்கார்ந்து வேலை செய்யும் அறையாக வேண்டும் என்றால் எங்கள் வாக்கு ஓட்டுக் கூரைக்கே. செலவு அதிகம், அஸ்திவாரத்தையும் பக்கச் சட்டங்களையும் சோதிக்கவேண்டும், கட்டட ஒழுங்குமுறை அனுமதியும் பொதுவாகத் தேவை. வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வீட்டை விற்கும்போது வழக்கறிஞர் கேட்பார். வீட்டுக்கும் கன்சர்வேட்டரிக்கும் நடுவிலுள்ள கதவைக் கழற்றும் எண்ணம் இருந்தால் அதையும் அதே விண்ணப்பத்தில் சொல்லிவிடுங்கள். கதவு போனால் விதிகளின் கண்ணில் அது வீட்டின் ஓர் அறை.

ஜன்னல் படலமும் திரைச்சீலையும் வெயிலைக் குறைக்கும், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தாலும் மதிப்பீட்டில் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: முடிந்த கூரையின் யூ-மதிப்பு, கூடும் எடை, ஆவித்தடுப்பு எந்தப் பக்கம்.