கோவாப் பாத்தியில் புழு: மருந்தா, ஒட்டுண்ணி ஈயா?

நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி வைத்திருப்பவர்கள் புழுவைக் கண்டதும் கேட்பது இதுதான்: மருந்து அடிப்பதா, விட்டுவைப்பதா? விட்டுவைக்கலாம் என்று நான் சொல்வது, புழுவின் உடலுக்குள் ஒட்டுண்ணியாக வளர்ந்து அதைக் கொல்லும் டக்கினிட் ஈயை நம்பித்தான். வீட்டு ஈ மாதிரியே இருக்கும். வயிற்றில் மட்டும் முள் முள்ளாக மயிர்.

செலவு: மருந்துக்கு ஒவ்வொரு முறையும் காசு. ஈக்குப் பாத்தி ஓரத்தில் பூக்கவிட்ட கொத்தமல்லி போதும், தேன் குடிக்க வரும்.

வேகம்: மருந்து சீக்கிரம் கொல்லும். ஈ மெதுவானது. பல இனங்கள் புழுவின் தலைக்குப் பின்னால் வெள்ளை முட்டையை ஒட்டும். அரிசிக் குருணையைவிடச் சின்னது, உற்றுப் பார்த்தால் தெரியும். பொரித்த குஞ்சு தோலைத் துளைத்து உள்ளே போய், உள்ளிருந்தே தின்று வளரும். பிறகு வெளியே வந்து பெரும்பாலும் மண்ணில் கூட்டுப்புழுவாகும். அதுவரை கோவா இலை கொஞ்சம் சேதப்படத்தான் செய்யும். முட்டை ஒட்டிய புழுவைத் தயவுசெய்து நசுக்காதீர்கள்.

நீடிப்பு: மருந்து மழையில் கழுவிப்போகும், ஈயையும் கொன்றுவிடும். தேயிலையில் பட்ட பாடு இது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்க 1930களில் ஜாவாவிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவி நன்றாக வேலை செய்தது. பின்னாளில் வேறு பூச்சிக்கு டீல்ட்ரின் என்ற மருந்தை அடிக்கப்போய், அந்தக் குளவியும் செத்து, டோர்ட்ரிக்ஸ் திரும்பப் பெருகியது.

வீட்டுக் கறிக்கென்றால் ஈதான். சந்தைக்குப் போகும் கோவாவில் வைரமுதுகுப் புழு நிறைந்திருந்தால் ஈ போதாது. விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு அடியுங்கள், பூத்த கொத்தமல்லியில் படாமல்.