ஓவுலேஷன் ஸ்ட்ரிப்: மங்கலான கோடு பாசிட்டிவ் அல்ல

கருமுட்டை வெளியாகப்போவதைச் சிறுநீரை வைத்து முன்கூட்டியே சொல்வது ஓவுலேஷன் ஸ்ட்ரிப். கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த ஸ்ட்ரிப்பிடம் ஏமாந்துபோகிறார்கள். அதில் இரண்டாவது கோடு லேசாகத் தெரிந்தாலே பாசிட்டிவ். இதில் அப்படியில்லை. இது பார்ப்பது, முட்டை வெளியாகும் முன் எகிறும் எல்.எச். ஹார்மோனை. அது உடம்பில் எப்போதுமே கொஞ்சம் இருக்கும் என்பதால், ‘டி’ கோடு (பரிசோதனைக் கோடு) எந்த நாளிலும் மங்கலாக வரலாம். பக்கத்தில் ஒப்பிடுவதற்காக இருக்கும் ‘சி’ கோட்டுக்குச் சமமாகவோ அதைவிட அடர்த்தியாகவோ வந்தால்தான் பாசிட்டிவ். ‘சி’ கோடே வரவில்லை என்றால் அந்த ஸ்ட்ரிப் செல்லாது.

இந்த வித்தியாசம் பிடிபட்டவர்களுக்கு விலை குறைந்த சாதாரண ஸ்ட்ரிப்பே போதும். டிஜிட்டல் கருவிகளில் எளிய வகை இதே கோட்டைத்தான் நமக்குப் பதிலாகப் படித்துச் சொல்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனையும் சேர்த்து அளக்கும் வகை மட்டும் கருத்தரிக்க வாய்ப்புள்ள நாட்களைச் சற்று முன்னதாகவே காட்டும். தினமும் கோட்டைப் பார்த்துக் குழம்பித் தவிப்பவர்கள் டிஜிட்டல் கருவிக்குச் செலவு செய்யலாம்.

பரிசோதனையைத் தொடங்கும் நாளைக் கண்டுபிடிக்க, மாதவிடாய்ச் சுழற்சி நாட்களிலிருந்து 17-ஐக் கழியுங்கள். 28 நாள் சுழற்சிக்கு, பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 11-ஆம் நாள். பீரியட்ஸ் முன்பின்னாக வருபவர்கள் சமீபத்திய சுழற்சிகளில் மிகக் குறுகியதை வைத்துக் கணக்கிட வேண்டும். ஸ்ட்ரிப் அதிகம் செலவாகும், வேறு வழியில்லை.

காலையில் எழுந்ததும் எடுக்கும் சிறுநீர் இதற்கு அவ்வளவு உகந்ததல்ல. எல்.எச். பெரும்பாலும் விடியற்காலையில்தான் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். சிறுநீரில் தெரியச் சில மணி நேரமாகும். மதியத்துக்கு மேல் பாருங்கள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல், தண்ணீரையும் குறைத்துக்கொள்ளுங்கள். நிறைய குடித்திருந்தால் ஹார்மோன் ஏறியிருந்தும் கோடு வெளிறித்தான் தெரியும். எல்லைக்கோட்டைத் தாண்டாமல் முக்கி, சமதளத்தில் படுக்க வைத்து, பாக்கெட்டில் சொன்ன நேரத்தில் (பெரும்பாலும் 5 நிமிடம்) படியுங்கள். பிறகு காய்ந்து கருத்த கோடு கணக்கில் சேராது. சிலருக்கு இந்த ஏற்றம் அரை நாள்கூட நீடிக்காது. கோடு கருக்கத் தொடங்கியதும் அவர்கள் ஒரு நாளைக்கு இருமுறை பார்ப்பது நல்லது.

பாசிட்டிவ் வரட்டும் என்று உறவைத் தள்ளிப்போடுவதுதான் பெரிய இழப்பு. பாசிட்டிவ் வந்து ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியாகும். வந்தபின் அதற்கு ஆயுள் ஒரு நாளுக்குள்தான். விந்தணுவோ 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வரும்முன் அது உள்ளே காத்திருக்க வேண்டும். கோடு கருக்கும்போதே ஒருநாள் விட்டு ஒருநாள் சேருங்கள். பாசிட்டிவ் நாளையும் மறுநாளையும் விடாதீர்கள். சாதாரண லூப்ரிகன்ட் ஜெல்கள் பல விந்தணுவின் ஓட்டத்தைக் கெடுக்கும், தவிர்த்துவிடுங்கள்.

பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே தூக்கலாக இருக்கலாம். நாள் கணக்கில் பாசிட்டிவ் காட்டினால் நம்பாதீர்கள். முட்டை வெளியாக ஹெச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தாலும் பொய்யான பாசிட்டிவ் வரும். தவிர, பாசிட்டிவ் என்பது முட்டை வெளிவந்ததற்குச் சான்று ஆகாது. அதை உறுதிசெய்ய ஒரு வாரம் கழித்துப் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனுக்கான ரத்தப் பரிசோதனை வேண்டும்.

கருக்குழாய் அடைப்பையோ விந்தணுக் குறைவையோ எந்த ஸ்ட்ரிப்பும் காட்டாது. பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம், அதற்கு மேல் என்றால் ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் இருவருமாக டாக்டரைப் பாருங்கள். ஆணுக்கு விந்துப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்துவிடலாம். அதற்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும்.