பெருந்தீயில் சமைக்க நான்ஸ்டிக்கா, இரும்பா?

ஒரு நாள் நான்ஸ்டிக் வாணலியை அடுப்பில் ஏற்றி, தீயை முழுதாகத் திறந்துவிட்டு, வந்த தொலைபேசி அழைப்பில் மூழ்கிவிட்டேன். திரும்பி வந்தபோது, ஒரு சொட்டு எண்ணெய்கூட ஊற்றாத வாணலியிலிருந்து மூக்கை அரிக்கும் நெடி வந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்த பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன்.

நான்ஸ்டிக் பூச்சு என்பது பெரும்பாலும் டெஃப்லான். சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை அதனால் தொல்லை இல்லை. அதைத் தாண்டினால் சிதையத் தொடங்குகிறது. 350ஐ நெருங்கினால் சிதைவு வேகமெடுக்கிறது. அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் குளிரும் வரலாம். கூண்டில் பறவை வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அவற்றை இந்தப் புகை கொன்றுவிடும். வெறும் வாணலி பெருந்தீயில் சில நிமிடங்களிலேயே இந்தச் சூட்டை எட்டிவிடும். உள்ளே ஈரமான உணவு இருந்தால் அதிலுள்ள தண்ணீர் சூட்டை இழுத்துப் பிடிக்கும். ஆகவே ஆபத்து பெரும்பாலும் காலியான வாணலியில்தான்.

'பிஎஃப்ஓஏ இல்லாதது' என்ற அட்டையைப் பார்த்துப் பலர் நிம்மதி அடைகிறார்கள். பிஎஃப்ஓஏ என்பது பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட ஒரு வேதிப்பொருள். அமெரிக்காவில் 8 பெரிய நிறுவனங்கள் 2015க்குள் அதைக் கைவிட 2006இல் உறுதியளித்தன. நல்ல மாற்றம்தான். ஆனால் அந்த அட்டைக்கும் சூட்டுக்கும் தொடர்பே இல்லை. பூச்சு அதே 260இல்தான் தடுமாறும்.

செராமிக் பூச்சு இதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும், டெஃப்லான் புகையும் வராது. ஆனால் பெருந்தீயில் புழங்கினால் ஒட்டாத தன்மை சீக்கிரமே போய்விடும். நான் அதற்காகப் பணம் செலவழிக்க மாட்டேன்.

வார்ப்பிரும்பு வேறு கதை. அதில் சிதைய எந்தப் பூச்சும் இல்லை. எண்ணெயை மெல்லியதாகத் தடவிச் சூடாக்கச் சூடாக்க, அந்த எண்ணெயே இறுகிக் கறுத்த மெருகாகப் படிகிறது. மீன் துண்டை வைத்தால் முதலில் பிடித்துக்கொள்ளும். பொறுத்திருந்தால், அடிப்பக்கம் பொன்னிறமானதும் தானாகவே விடும். அவசரப்பட்டுக் கரண்டியை நுழைப்பவர்களுக்குத்தான் தோல் கிழிகிறது. குறைகளும் உண்டு: கை வலிக்கும் எடை, மெதுவாகவும் சீரில்லாமலும் ஏறும் சூடு. தக்காளியோ எலுமிச்சையோ அதில் நெடுநேரம் கொதித்தால் மெருகு கரைந்துவிடும். கழுவியதும் அடுப்பில் வைத்து உலர்த்தாவிட்டால் துரு பிடிக்கும்.

எவர்சில்வர் வாணலியும் பெருந்தீயைத் தாங்கும், புளிப்புக்கும் அஞ்சாது. காய்ந்த வாணலியில் தண்ணீர்த் துளி ஆவியாகாமல் பாதரசம் போல உருண்டோடும்போது எண்ணெய் ஊற்றினால் அதிகம் ஒட்டாது.

என் சமையலறையில் இறைச்சியும் மீனும் இரும்புக்குப் போய்விட்டன. சிறிய நான்ஸ்டிக் ஒன்று முட்டைக்காக மட்டும் இருக்கிறது. அதில் வெண்ணெயை முதலிலேயே போட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். வெண்ணெய் நுரைத்தால் முட்டையை உடைக்கிறேன். பழுப்பேறத் தொடங்கினால் தீயைக் குறைக்கிறேன். வெண்ணெய் 175 டிகிரி அளவிலேயே புகைந்துவிடும் என்பதால், பூச்சு கெடுவதற்கு வெகு முன்பே அது எச்சரித்துவிடுகிறது.