தேய்ந்துபோன டேப் விசை: ஆர்க் மோடுடன் ஆறு வருடம்

போன வாரம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மும்பையில் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோடு போனேன். டேப் விசை செத்துவிட்டது. மற்ற விசைகளில் எழுத்துகூட அழியவில்லை. இது ஒன்று மட்டும் வழவழவென்று தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கடைக்காரர் தட்டிப் பார்த்துவிட்டு, வீட்டில் கேம் ஆடுகிற பையன் இருக்கிறானா என்று இந்தியில் கேட்டார். இல்லை பாய், நான் மொழிபெயர்க்கிறவள் என்றேன். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. ஒரு விசைக்காக கீபோர்டு மொத்தத்தையும் மாற்றி 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அந்தச் செலவு, நான் குறிப்பெடுக்கவும் எழுதவும் வைத்திருக்கும் ஆர்க் மோடு என்ற மென்பொருளின் கணக்கில் சேர வேண்டியது. இதற்கிடையில் தாராவியிலிருந்து தம்பி ஒருவன் கேட்டிருந்தான்: “அக்கா, ஆய்வேட்டுக் குறிப்பெல்லாம் நாலு ஆப்ல சிதறிக் கிடக்கு. நீங்க வச்சிருக்கிறதே போடலாமா?” திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிட வந்து தாராவியில் தங்கிய குடும்பங்களைப் பற்றி எழுதுகிறான். அவனுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபோதுதான், எனக்கே இதைப் பற்றித் தெளிவான கருத்து இல்லை என்று புரிந்தது.

வசதிப் பட்டியலைப் போட்டு அறுக்கப் போவதில்லை. ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டருக்குள் ஓடுவது, எல்லாம் வெறும் எழுத்துக் கோப்பு, காசு கிடையாது. ஒரு நட்சத்திரம் போட்டால் தலைப்பு, இரண்டு போட்டால் உள்தலைப்பு. 2003-ல் இதைத் தொடங்கிய கார்ஸ்டன் டொமினிக் ஆம்ஸ்டர்டாமில் வானியலாளர். அதனால்தான் நட்சத்திரம் போலிருக்கிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஈமேக்ஸின் பழைய அவுட்லைன் மோடிலேயே அந்த நட்சத்திரம் உண்டு என்று தெரிந்தபோது சின்ன ஏமாற்றம்.

மராத்தித் தன்வரலாறு ஒன்றை மொழிபெயர்த்தேன். 34 அத்தியாயம், எல்லாம் ஒரே கோப்பில். ஷிப்ட்டோடு டேப்பை அழுத்தினால் 34 வரியாகச் சுருங்கிவிடும். எந்தத் தலைப்பில் டேப் தட்டுகிறோமோ அது மட்டும் விரியும். மாட்டுங்காவில் புடவைக் கடைக்காரர் அடுக்கிலிருந்து ஒன்றை மட்டும் உருவிக் காட்டுவாரே, அப்படி. ஆல்ட்டை அழுத்திக்கொண்டு மேல் அம்புக்குறியைத் தட்டினால் அத்தியாயம் தன் குறிப்பு, சந்தேகம், அடிக்குறிப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு மேலே ஏறும். அப்புறம், செய்ய வேண்டிய வேலைக்கு அது வைத்திருக்கும் ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு “கேள்”, “கேட்டாச்சு” என்று வைத்துக்கொண்டேன். மூல ஆசிரியரைப் பார்க்கப் போகும் நாளில் “கேள்” எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் காட்டச் சொன்னால் போதும். அந்தப் பட்டியலோடு அவர் முன்னால் உட்கார்ந்த நாட்களில் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

சரி, இப்போது வயிற்றெரிச்சல்.

எனக்குத் தமிழ்99 விசை அமைப்புதான் கைவந்தது. லினக்ஸில் விசைப்பலகையையே தமிழுக்கு மாற்றிவிட்டு எழுதுவேன். ஈமேக்ஸில் சேமிக்க கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-எஸ். தமிழ்99-ல் எக்ஸ் இருக்கும் இடத்தில் ‘ஓ’. கண்ட்ரோலை அழுத்தி எக்ஸைத் தட்டினால், கண்ட்ரோல்-ஓ என்று ஒரு கட்டளையே இல்லை என்று கீழே ஒரு வரி வரும். ஒரு பத்தி எழுதி, சேமிக்கப் போய், ‘ஓ’. ஆங்கிலத்துக்கு மாற்றி, சேமித்து, திரும்பத் தமிழுக்கு மாற்றி, அடுத்த பத்தி. ஒரு ராத்திரிக்கு எத்தனை ‘ஓ’ என்று எண்ண ஆரம்பித்து, ரத்தக்கொதிப்பு ஏறுகிறது என்று விட்டேன்.

மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது, ஈமேக்ஸுக்கு உள்ளேயே தமிழ் உள்ளீடு இருக்கிறதாம். கண்ட்ரோலோடு பின்சாய்கோட்டை அழுத்தினால் தமிழ், மறுபடி அழுத்தினால் ஆங்கிலம். அதில் எழுதும்போது கட்டளைகள் ஒழுங்காக வேலை செய்கின்றன. தீர்ந்ததா? இல்லை. பிரௌசரில் தமிழ் எழுத ஒரு பொத்தான், இங்கே வேறொரு பொத்தான். அங்கே மாற்றியதை மறந்து இங்கேயும் மாற்றிவிட்டால், பழையபடி ‘ஓ’. தமிழில் எழுதுகிறவர்கள் படுகிற இந்த அவஸ்தை, ஆர்க் மோடைப் புகழ்ந்து தள்ளுகிறவர்கள் யாருக்கும் வராது. அவர்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள்.

அட்டவணையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் கோடு போட்ட மாதிரி நிற்கும். தமிழில் ‘ணை’ ஒரு அகலம், ‘ர்’ ஒரு அகலம், நெடுக்குக் கோடு பாம்பாக நெளியும். பிக்சல் கணக்கில் நேராக்க ஒரு துணை நிரல் உண்டு. அட்டவணை பெரிதானால் அது மூச்சு வாங்கும்.

ஏழாம் அத்தியாயத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். மடிந்திருந்த தலைப்பில் கண்ட்ரோல்-கே அடித்தேன், ஒரு வரி போகும் என்று நினைத்து. உள்ளே மடிந்திருந்த பதினோரு பக்கமும் சத்தமில்லாமல் சேர்ந்து போயிற்று. நான் கவனித்தது இரண்டு நாள் கழித்து. அதற்குள் எத்தனையோ முறை மூடித் திறந்தாயிற்று, காப்புப் பிரதியிலும் அது இல்லை. ஏற்கெனவே மெயிலில் அனுப்பியிருந்ததால் பிழைத்தேன். அழிக்கும் முன் கேட்கச் சொல்ல ஓர் அமைப்பு இருக்கிறது. இயல்பில் அது அணைந்தே இருக்கும். பதினோரு பக்கத்தை அழிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்பது இயல்பாக இருக்க வேண்டாமா? தப்பு என் விரலுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மடித்து வைத்ததை நான் மறக்க வேண்டும் என்பதற்காகத்தானே இந்தக் கருவியே!

தம்பிக்கு போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆய்வேட்டுக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது, அதில் ஆறு மாதம் இதைக் கற்பதில் போகும். வழக்கமாக எழுதுகிற வேர்டிலேயே எழுது, தலைப்புகளை ஒழுங்காக வை, போதும்.

“அப்போ நீங்க ஏன்க்கா விட மாட்டேங்கறீங்க?”

பதில் சொல்ல வாயெடுத்தபோது, பேசிக்கொண்டே அவன் பெயரில் ஒரு தலைப்பு திறந்து, “கேள்: தோல் பட்டறைக்காரர்கள் சொல்லும் தமிழ்ச் சொற்கள்” என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதை மடித்து வைத்தேன். புதுக் கீபோர்டில் டேப் இன்னும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.