ஃபபர்ஜே அருங்காட்சியகம், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்: எனாமலைப் பார்க்கத் தவறாதீர்கள்

ஃபோன்டான்கா ஆற்றங்கரையில் ஷுவாலோவ் மாளிகையில் 2013 முதல் இயங்கும் இந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள், பாதி நேரத்தை நீலக் கூடத்துக்கே ஒதுக்குங்கள். ரஷ்யப் பேரரசர்கள் ஈஸ்டருக்காக நகைக் கலைஞர் கார்ல் ஃபபர்ஜேயிடம் செய்யச் சொல்லி வாங்கிய முட்டைகளில் ஒன்பது அங்கேதான் இருக்கின்றன.

முதலில் 1885 முட்டை. மூன்றாம் அலெக்சாண்டர் மனைவி மரியாவுக்குக் கொடுத்தது. நீளம் 64 மி.மீ.தான், வெளியே வெறும் வெள்ளை எனாமல், அதாவது உலோகத்தின்மேல் கண்ணாடிப் பொடியைச் சுட்டுப் படியவைத்த பூச்சு. திருகித் திறந்தால் மெருகிடாத தங்கத்தில் மஞ்சள் கரு, அதற்குள் பலநிறத் தங்கத்தில் ஒரு கோழி. கோழிக்குள் இருந்த வைரக் கிரீடமும் மாணிக்கப் பதக்கமும் தொலைந்துவிட்டன. பகட்டில்லை என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஃபபர்ஜே முட்டைகளில் பரிசுக்குள் பரிசு என்ற வழக்கமே இங்கிருந்துதான் தொடங்கியது.

அடுத்து 1897 முடிசூட்டு முட்டை. எல்லோரும் உள்ளிருந்த வண்டியையே பார்க்கிறார்கள். 10 செ.மீ.கூட இல்லாத அந்த வண்டிக்குச் சக்கரம் சுழலும், கதவு திறக்கும், படி மடங்கும். செய்து முடிக்கக் கைவினைஞர் ஜார்ஜ் ஸ்டைனுக்குச் சுமார் 15 மாதம் ஆயிற்று. ஆனால் என் கணக்கில் பெரிய வேலை மேலே உள்ள மஞ்சள் எனாமல். உற்றுப் பாருங்கள், அதன் அடியில் கதிர் கதிராகக் கோடுகள் தெரியும். தங்கத்தில் கடைசல் இயந்திரத்தால் வெட்டிய கோடுகள் அவை. அதன்மேல் கண்ணாடிப் பொடியை மெல்லிசாகப் பரப்பி, 700 முதல் 800 டிகிரி வரை சூட்டில் சுட்டு, ஆறவிட்டு, மறுபடி பூசிச் சுடுவார்கள். ஐந்தாறு பூச்சுகூட ஆகும். பொடியில் தூசி இருந்தால் புள்ளி விழும். ஈரம் முழுதாகக் காயாமல் சூளையில் வைத்தால் கொப்புளிக்கும். உலோகமும் எனாமலும் ஒரே அளவில் சுருங்காவிட்டால் ஆறும்போது விரிசல் விடும்; அதனால்தான் தகட்டின் பின்பக்கமும் பூசுவது. கல் பதிப்பது இத்தனையும் முடிந்த பிறகே. அதனால் பின்னால் எனாமல் உடைந்தால் பழுதுபார்ப்பது பெரும்பாடு, கல்லோடு சேர்த்து மறுபடி சூளையில் வைக்க முடியாதே.

கையடக்கத் தொலைநோக்கி ஒன்று எடுத்துப் போங்கள். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று இந்தக் கோடுகளைப் பார்க்க அது உதவும். முத்திரைகள் கண்ணில் பட்டால் விடாதீர்கள்: '56' என்பது 96 பங்கில் 56 பங்கு தங்கம், நம் கணக்கில் 14 கேரட். பக்கத்திலுள்ள எழுத்துகள் பட்டறைத் தலைவருடையவை. மிகயில் பெர்ஹினுக்கு 'எம்.பி.'யின் ரஷ்ய வடிவம். பட்டறையில் உட்கார்ந்து இழைத்தவர்கள் அவர்கள்தான். பெயர் மட்டும் ஃபபர்ஜேக்குப் போனது. அதை மனத்தில் வைத்துப் பார்ப்பது நியாயம்.

ஒரே குறை, மர வடிவில் செய்த 1911 முட்டைக்குள் இருக்கும் பறவை. பழமொன்றைத் திருகினால் உச்சி திறந்து, இறகோடு வெளிவந்து பாடும். பெட்டிக்குள் அது அசைவில்லாமல் இருப்பதால் பாதிச் சுவைதான்.

கடைசியாக 1916 புனித ஜார்ஜ் முட்டையிடம் நில்லுங்கள். போர்க்காலம், அதனால் கல்லில்லை, வெள்ளிதான். புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டுப் போன மரியா தம்மோடு எடுத்துப் போன ஒரே முட்டை இது.